சட்டியை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்காதீர்கள்: வன்னிக்குப் புதிதாக வருபவர்களுக்கு

இலங்கையின் வடக்கில், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தெற்கே இருக்கும் வன்னிக்கு நியமனம் கிடைத்துவிட்டது என்றதும் ஆளாளுக்கு ஒரு பட்டியல் சொல்வார்கள். நுளம்பு வலை, டோர்ச் லைற், மழைக்கோட், தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு கேத்தில். எல்லாம் தேவைதான், கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலில் யாரும் சேர்க்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து தெரிந்தவரும் தெரியாதவரும் உங்களுக்காக ஏதாவது செய்துகொண்டே இருப்பார்கள். பஸ்ஸில் நீங்கள் நின்றால், இருக்கிறவர் உங்கள் பையைக் கேளாமலே வாங்கி மடியில் வைத்துக்கொள்வார். நீங்கள் இறங்க வேண்டிய இடத்தை நீங்கள் மறந்தாலும் கொண்டக்டர் மறக்கமாட்டார். இதையெல்லாம் கண்டுகொள்ளவும், வாங்கவும், திருப்பிச் செய்யவும் இங்கே ஒரு முறை இருக்கிறது. அதைத் தெரியாமல் நான் இரண்டு வருடம் பிழை பிழையாக நடந்தேன். நீங்கள் அப்படி நடக்க வேண்டாம்.

நான் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிக்காரி. மாங்குளம் – முல்லைத்தீவு வீதியில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக வந்து எட்டு வருடமாகிறது. அதற்கு முதல் வன்னியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குத் தப்பி வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் எங்கள் பக்கம் இடம்பெயர்ந்து வந்தது. அடுத்த வருடம் சித்திரையில் எங்களுக்கும் அதே கதி. கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து போன அம்மாவும் அப்பாவும் அக்கராயனில் ஒரு வளவில் மரத்துக்குக் கீழே ஒதுங்கினார்கள். வளவுக்காரி முன்பின் தெரியாதவ. இரண்டாம் நாள் வந்து, "பிள்ளையளோட எத்தினை நாளைக்கு மரத்துக்குக் கீழ இருப்பியள்?" என்று கேட்டு, மாட்டுக்கொட்டிலில் பாதியை மறித்துத் தந்தாவாம். கூரைக்குக் கிடுகும் தந்தாவாம். "வந்தாரை வாழவைக்கும் வன்னி" என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அம்மாவுக்கு வன்னி என்றால் அந்தப் பாதி மாட்டுக்கொட்டில்தான்.

1. கேள்விகளை விசாரணையாக எடுக்காதீர்கள்

முதல் கிழமையே உங்களுக்கு எரிச்சல் வரும். படலையைத் திறந்தால் போதும், "எங்க போறியள்?" திரும்பி வந்தால் "எங்க போட்டு வாறியள்?" மத்தியானம் தாண்டினால் "சாப்பிட்டாச்சோ?" கடைக்குப் போனால் "ஆரின்ர வீட்டில இருக்கிறியள்? தனியவோ?" பட்டணத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது வேவு பார்ப்பது போலத் தெரியும். எனக்கும் தெரிந்தது. "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போவேன்.

எங்கள் சந்திக் கடைக்கார அண்ணை பின்னேரத்தில் நான் ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் கேட்பார். ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்தில் ஒரு கூட்டம் இழுத்துக்கொண்டு போய், திரும்பும்போது ஏழரை மணியாகிவிட்டது. ஒட்டுசுட்டான் கழிந்து காட்டுப் பக்கம் திரும்பினால், எதிரே ஒரு மோட்டார் சைக்கிள் லைற்றை அணைத்து அணைத்துக் காட்டிக்கொண்டு வருகிறது. கடைக்கார அண்ணையின் மகன். "ரீச்சர் இன்னும் வரேல்லை, ஆனை வீதிக்கு ஏறுற நேரம், ஒருக்கால் பாத்திட்டு வா எண்டு அப்பா விட்டவர்" என்றான். என் வேகத்துக்கு மெதுவாக எனக்கு முன்னால் ஓடி வீட்டடியில் விட்டுவிட்டுப் போனான்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கேள்வியின் வேலை எனக்கு விளங்கியது. காடும் குளமும் வயலும் கலந்த ஊரில், யார் எந்தப் பக்கம் போயிருக்கிறார்கள் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். யானை, பாம்பு, மாரியில் நிரம்பிப் பாயும் வாய்க்கால், மிதிவெடி அகற்றி முடிக்காத காணிகளில் நடப்பட்டிருக்கும் சிவப்பு எச்சரிக்கைப் பலகைகள். இவற்றோடு வாழ்ந்தவர்கள் கேட்கிறார்கள். ஆகவே, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று நேராகச் சொல்லுங்கள். வந்ததும், கடந்து போகும்போது ஒரு ஹோர்ன் அடித்துவிட்டுப் போங்கள்.

"சாப்பிட்டாச்சோ?" என்பதற்குப் பதில் "ஓம், நீங்கள்?" சாப்பிடாமல் இருந்து "ஓம்" சொன்னால் முகத்திலேயே பிடித்துவிடுவார்கள், அது வேறு கதை.

2. தருவதை வாங்குங்கள், எல்லா வீட்டிலும் வாங்குங்கள்

வீட்டுக்குப் போனால் முதலில் கதிரை வரும். ஒரே ஒரு கதிரை இருக்கிற வீட்டில் அது உங்களுக்குத்தான். அவர்கள் நிலத்திலோ திண்ணையிலோ இருப்பார்கள். மறுத்து மல்லுக்கட்ட வேண்டாம், இருங்கள். அடுத்தது தேத்தண்ணி. பெரும்பாலும் பிளேன்ரீ. சீனி குறைவாக இருக்கிற வீட்டில் ஒரு துண்டுப் பனங்கட்டியையோ கொஞ்சம் சீனியையோ உள்ளங்கையில் தருவார்கள். கடித்துக் கடித்துக் குடியுங்கள். அது ருசியான குடிமுறை, குறைவானது என்று நினைக்காதீர்கள்.

"இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லித் தப்புவது எல்லாருக்கும் கைவந்த வசனம். இதில் கவனம் தேவை. சில வீடுகளில் குடித்து, சில வீடுகளில் "இப்பதான் குடிச்சனான்" என்றால் ஊர் அதைக் கணக்கெடுக்கும். எந்த வீட்டில் தண்ணி வாங்கினீர்கள், எந்த வீட்டில் வாங்கவில்லை என்பது பழைய காயம். 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு மலையகத்திலிருந்து உயிர் தப்பி வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு. மற்றவர்களின் வயலில் கூலிக்கு நின்றே ஒரு தலைமுறை கழிந்தவர்கள் அவர்களில் பலர். அப்படிப்பட்ட ஒரு தாயின் வீட்டில் நான் முதல் தடவை ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டபோது, "போன ரீச்சர்மார் வாசலோட நிண்டு கதைச்சிட்டுப் போயிடுவாங்க, டீச்சர்" என்று சொன்னா. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னா. நான் இரண்டாவது ரொட்டி கேட்டேன். அன்றைக்கு நான் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான்.

பிள்ளைகள் தருவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வைகாசி, ஆனி மாதங்களில் பாலைப்பழம் பழுக்கும். காட்டுக்கரையில் இருந்து வரும் பிள்ளைகள் சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டு வந்து மேசையில் வைத்துவிட்டு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நிற்பார்கள். பிறகு சாப்பிடுகிறேன் என்று பைக்குள் வைக்காதீர்கள். அவர்கள் பார்க்க இரண்டு மூன்றைச் சாப்பிடுங்கள். பழத்தின் பால் உதட்டில் ஒட்டிக்கொண்டு பசை மாதிரி இழுக்கும், வகுப்பே சிரிக்கும். மிச்சத்தை அந்தப் பிள்ளையின் கையாலேயே மற்றவர்களுக்குப் பங்கிடச் சொல்லுங்கள்.

3. தந்தவருக்கு அது எவ்வளவு என்று பாருங்கள்

2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, ஆடி மாதக் கடைசியில், கியூஆர் குறியீட்டைக் காட்டி அளவாக எரிபொருள் வாங்கும் முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதற்கும் வரிசையில் நிற்க வேண்டும். நான் வரிசைக்குப் போனால் பள்ளிக்கூடம் போக முடியாது, பள்ளிக்கூடம் போனால் வரிசைக்குப் போக முடியாது. இரண்டு கிழமை சைக்கிளில் போய் வந்தேன். ஒரு காலை படலையடியில் ஒரு சோடாப் போத்தல் இருந்தது. வாயை பொலித்தீன் வைத்துச் சுற்றி, ரப்பர் பாண்ட் போட்டு இறுக்கியிருந்தது. முக்கால் போத்தல் பெற்றோல்.

யார் வைத்தது என்று கண்டுபிடிக்க மூன்று நாள் எடுத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தகப்பன். மேசன் வேலை. வேலைக்குப் போக அவருக்கும் அந்த 4 லீற்றர்தான். ஒரு நாள் வேலைக்குப் போகாமல் விட்டால்தான் அந்த முக்கால் போத்தல் மிஞ்சும். நான் போய்க் கேட்டபோது, "பிள்ளையளுக்குப் பாடம் நிக்கக்கூடாது ரீச்சர்" என்றார். பிறகு கூரைக்குப் போடும் தகரத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிட்டார்.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொருள் உங்கள் கைக்கு வரும்போது கடையில் அதற்கு என்ன விலை என்று பார்க்காமல், தந்தவரின் வீட்டில் அது எந்த இடத்தை வெறுமையாக்கிவிட்டு வந்திருக்கிறது என்று ஒரு கணம் நினையுங்கள். ஆறு முட்டை தருகிற வீட்டில் எத்தனை கோழி? நுண்கடன் எடுத்துக் கிழமைக் கட்டுக்காசுக்கு ஓடித் திரிகிற தாய் தருகிற உழுந்து எத்தனை கொத்து? இது தெரிந்தால் இரண்டு காரியம் தானாக நடக்கும். ஒன்று, வாங்கியதை வீணாக்கமாட்டீர்கள். மற்றது, எப்போது போகக் கூடாது என்பதும் தெரியவரும். கடன் வசூலிக்க ஆள் வருகிற நாளில், சாப்பாட்டு நேரத்தில், அறிவிக்காமல் நாலு பேரோடு ஒரு வீட்டுக்குப் போய் நிற்காதீர்கள். எவ்வளவு இல்லாவிட்டாலும் அடுப்பை மூட்டிவிடுவார்கள்.

4. காசை நீட்டாதீர்கள்

நான் வந்த முதல் வருடம். பின்னேரம் ஐந்தே முக்கால் இருக்கும். இரண்டு பக்கமும் காடு, நடுவில் கிறவல் ரோட்டு. ஸ்கூட்டரின் பின் ரயர் காற்றுப் போய்விட்டது. போனுக்குச் சிக்னல் இல்லை. உருட்டத் தொடங்கினேன். எதிரே ஒரு ஐயா சைக்கிளின் பின்னால் விறகு கட்டிக்கொண்டு வந்தார். என்னைக் கடந்து கொஞ்சத் தூரம் போனவர் நின்றார்.

"தனிய உருட்டாதேங்கோ தங்கச்சி. நில்லுங்கோ."

விறகுக் கட்டை அவிழ்த்து ரோட்டுக்கரையில் சாய்த்து வைத்தார். "நீங்கள் இதைப் பிடியுங்கோ" என்று சைக்கிளை என்னிடம் தந்துவிட்டு ஸ்கூட்டரை அவர் உருட்டினார். அந்தச் சைக்கிளுக்குப் பிறேக் கட்டையே இல்லை. ஒரு சிறு இறக்கத்தில் அது என்னை இழுத்துக்கொண்டு போனபோது, "காலைத் தேயுங்கோ, காலைத் தேயுங்கோ" என்றார். அவருடைய வலது செருப்பின் குதிப் பக்கம் ஏன் தேய்ந்து வழுக்கலாக இருக்கிறது என்று அப்போது விளங்கியது. சைக்கிள் கடை வரைக்கும் மூன்று கிலோமீற்றருக்குக் குறையாது. வழியில் இரண்டு தடவை நின்று காது கொடுத்துக் கேட்டார். யானை மரம் முறிக்கிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தாராம்.

கடையடிக்கு வந்ததும் நான் ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் கூலிக்கு வரேல்லைப் பிள்ளை" என்று சொல்லிவிட்டு, இருட்டிக்கொண்டு வருகிற காட்டுக்குள் தன் விறகைத் தேடிச் சைக்கிளை மிதித்தார். தங்கச்சி என்றவர் பிள்ளை என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை.

சைக்கிள் கடைக்கு அடுத்த வீட்டு மாமி எல்லாம் பார்த்துக்கொண்டு நின்றவ. "காசு குடுத்தா, உம்மட கணக்கும் என்ர கணக்கும் முடிஞ்சுது, இனி ஆரோ எவரோ எண்டு அர்த்தம் பிள்ளை" என்று சொன்னா. வேலைக்கு ஆள் பிடித்தால் கூலியை முழுதாக, உரிய நேரத்தில் கொடுங்கள். அதில் பேரம் பேசுவது பாவம். ஓட்டோவுக்கு உரிய காசைக் கொடுங்கள். ஆனால் வழியில் நின்று உதவியவருக்குக் காசு நீட்டக் கூடாது.

அப்படியானால் என்ன செய்வது? விசாரியுங்கள். அவர் யார், வீடு எது, வீட்டில் யார் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இங்கே அதற்கு அரை நாள் போதும். அந்த ஐயாவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டாம் முறை தோற்ற இருந்தாள், கணிதம் மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது. பின்னேர வகுப்புக்கு அவளையும் கூப்பிட்டேன். ஏன் என்று சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் என் படலையில் ஒரு கட்டு விறகு சாய்ந்து நின்றது, அளவாக வெட்டி, பட்டை சீவி. கணக்கு இன்றைக்கும் முடியவில்லை.

5. சட்டி

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

குடிவந்த இரண்டாம் நாள், வேலிக்கு அங்கால் இருந்த அம்மா அவித்த மரவள்ளிக்கிழங்கும் பச்சைமிளகாய்ச் சம்பலும் கொண்டு வந்து தந்தா. ஒரு அலுமினியச் சட்டி. ஒரு பக்கம் நசுங்கி, விளிம்பு நெளிந்திருந்தது. சாப்பிட்டுவிட்டு, நன்றாகத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ சட்டிக்குள் எட்டிப் பார்த்தா. "வெறுஞ்சட்டியே பிள்ளை?" என்று சிரித்தா. பிறகு வேலியோரம் போய் ஒரு கொத்துக் கறிவேப்பிலையை முறித்துச் சட்டிக்குள் போட்டு என் கையில் தந்தா. "இப்ப கொண்டுபோங்கோ. பிறகு கொண்டுவாங்கோ."

வந்த சட்டி வெறுமையாகத் திரும்பக் கூடாது. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு கை சீனி, இரண்டு தேசிக்காய், ஒரு பிடி முருங்கையிலை, ஊரிலிருந்து வந்த பனம்பழப் பினாட்டில் ஒரு துண்டு. தந்ததை விடப் பெரிதாகக் கடையில் வாங்கி நிரப்பாதீர்கள். அப்படிச் செய்தால் அடுத்த முறை அவர்கள் அதற்கு மேல் செய்யப் பார்ப்பார்கள், இரண்டு வீட்டுக்கும் சுமை. உடனே அன்றைக்கே திருப்பியும் கொடுக்காதீர்கள், விரட்டுவது போல இருக்கும். இரண்டு நாள் இருக்கட்டும். விளக்கு வைத்த பிறகு கொண்டு போகாதீர்கள். அந்த நேரத்தில் உப்பும் கேட்காதீர்கள், காசும் கேட்காதீர்கள், இங்கே கொடுக்கமாட்டார்கள்.

அந்த அலுமினியச் சட்டியின் அடியில் ஆணியால் கீறிய ஒரு இலக்கம் இருந்தது. கடையில் போட்ட இலக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த அம்மாவின் மகள்தான் சொன்னாள். 2009இல் போரின் முடிவில் எல்லாவற்றையும் வழி வழியாக விட்டுவிட்டு, உடுத்த துணியோடு செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்கு வந்து சேர்ந்தபோது அவர்களுக்குக் கிடைத்த முதல் பாத்திரம் அது. வரிசையில் மற்றவர்களுடையதோடு மாறிப்போகாமல் இருக்கக் கூடார இலக்கத்தைக் கீறியிருக்கிறார்கள். மீளக்குடியேறிய பிறகு எத்தனையோ நல்ல சட்டி வாங்கியாயிற்று. புதிதாக ஊருக்கு வருகிறவருக்கு முதல் சாப்பாட்டை மட்டும் அந்தச் சட்டியில்தான் அம்மா கொடுத்து விடுவாவாம்.

6. "நன்றி" என்ற சொல்லைப் பற்றி

மேடைக்கும் கடிதத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழகியவர்களிடம் அடிக்கடி சொன்னால் தூரத்தில் நிறுத்துவது போல இருக்கும். வழியில் உதவிய அண்ணைக்கு "பெரிய உதவி அண்ணை" போதும். வயதானவர்களிடம் "சந்தோசம் அம்மா" என்று சொல்லிக் கையைப் பிடியுங்கள். சாப்பாடு தந்தவருக்கு ஏற்ற வார்த்தை "இன்னும் கொஞ்சம் போடுங்கோ." அதைவிட நல்லது, பத்து நாள் கழித்து, "அண்டைக்கு நீங்கள் தந்த கிழங்கு வெண்ணெய் மாதிரி இருந்தது, எந்தப் பக்கத்துக் கிழங்கு?" என்று கேட்பது. ஞாபகம் வைத்திருந்தீர்கள் என்பதே அவர்களுக்குப் பெரிது. அவர் இல்லாத இடத்தில் அவரைப் பற்றிச் சொல்லுங்கள், சந்திக் கடையில் சொன்னால் பொழுதுபடுவதற்குள் அவர் காதுக்குப் போய்விடும்.

7. கேட்காமல் இருக்கப் பழகுங்கள்

உங்களுக்குச் சாப்பாடு தருகிற வீட்டுச் சுவரில் மாலை போட்ட படங்கள் இருக்கும். சில வீடுகளில் ஒன்று, சில வீடுகளில் நாலு. மாலை போடாமல் ஒரு படம் மட்டும் இருந்தால் இன்னும் கவனமாக இருங்கள். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்கு மாலை போட எந்தத் தாய்க்கும் கை வராது. "இவர் ஆர்? என்ன நடந்தது?" என்று கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். இந்தச் சனத்திடம் எத்தனையோ பேர் படிவத்தோடும் கமராவோடும் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களாகச் சொல்லத் தொடங்கினால் கையில் இருக்கிற தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேளுங்கள். இடையில் ஆறுதல் சொல்லி நிறுத்தாதீர்கள்.

அவர்கள் செய்த உதவியைப் போட்டோ எடுத்துப் போடுவதும் வேண்டாம். "வறுமையிலும் இப்படி ஒரு மனம்" என்று தலைப்புப் போட்டு ஒரு வீட்டுக் குசினியை ஊருக்குக் காட்டுவது, அந்த வீட்டில் சாப்பிட்டவர் செய்கிற வேலை இல்லை.

மே 18க்கு முந்திய நாட்களில் வீதியோரங்களில் கஞ்சி கொடுப்பார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். 2009இல் முள்ளிவாய்க்காலில் போரின் கடைசி நாட்களில் சனத்தின் உயிரைப் பிடித்து வைத்திருந்த அதே கஞ்சி. போகிற வருகிறவரை மறித்துச் சிரட்டையில் நீட்டுவார்கள். வாகனத்தை நிறுத்தி இறங்குங்கள். வயிறு நிறைந்திருந்தாலும் வாங்குங்கள், நின்று குடித்து முடித்துச் சிரட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்த இடத்தில் ஒன்றும் பேசத் தேவையில்லை.

8. பெரிய நாட்களில் கையைக் கொடுங்கள்

செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயல் வீடுகள்தான் சமைத்துக் கொண்டு போகும். உங்கள் வீடும் ஒரு அயல் வீடு என்பதை ஞாபகம் வையுங்கள். சமைக்கத் தெரியாதவர் கதிரை அடுக்கலாம், தேத்தண்ணி கொடுக்கலாம், கிளாஸ் கழுவலாம். கலியாணவீட்டுக்கு முதல்நாள் இரவு தேங்காய் துருவப் போங்கள். பந்திக்கு மட்டும் வருகிறவரைவிடத் துருவலையோடு இருந்தவரைத்தான் அந்த வீடு நினைவில் வைத்திருக்கும். காலபோகம் அரிவு வெட்டு முடிந்து புதிர் எடுத்ததும் புது அரிசிச் சோறோ பொங்கலோ வேலிக்கு மேலால் வரும். நோன்பு காலத்தில் முல்லைத்தீவுப் பக்கம் முஸ்லிம் நண்பர்கள் இருந்தால் கஞ்சி வரும். இவற்றுக்கும் சட்டி விதிதான்.

2018 மார்கழி வெள்ளம் எனக்கு இதைப் படிப்பித்தது. ஒரே இரவு மழை, இரணைமடுக் குளத்தின் கதவுகள் எல்லாம் திறந்தாயிற்று, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர் ஊராகத் தண்ணீர். எங்கள் பள்ளிக்கூடமும் முகாமாயிற்று. இளம்பெடியள் உழவு மெசினில் சனத்தை ஏற்றி இறக்கினார்கள். நான் ஒரு மூலையில் இருந்து வெங்காயம் உரித்தேன், விடியத் தொடங்கி மத்தியானம் வரை. வீடு கூரை மட்டத்துக்கு மூழ்கி, ஈரச் சீலையோடு வந்து இறங்கிய ஒரு தாய் என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "ரீச்சர், சாப்பிட்டியளோ?"

9. போகும்போது

இடமாற்றம் ஒருநாள் வரத்தான் செய்யும். வந்தால் ஒரு கிழமைக்கு முதலே வீடு வீடாகப் போங்கள். உங்களிடம் தங்கிவிட்ட சட்டி, பெட்டி, சுளகு எல்லாவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஏதாவது போட்டுக் கொண்டு போய்க் கொடுங்கள். "போறன்" என்று சொல்லாதீர்கள். "போட்டு வாறன்" என்று சொல்லுங்கள், சொன்னபடி வருடத்துக்கு ஒருக்கால், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்காவது வாருங்கள். எந்த பஸ்ஸில் ஏறப் போகிறீர்கள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் விடிய நாலு மணிக்கு எழும்பிப் புட்டு அவிப்பார்கள்.

சொல்லாவிட்டாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். போன வருடம் எங்கள் விஞ்ஞான ஆசிரியர் ஒருவருக்கும் சொல்லாமல் முதல் பஸ்ஸுக்கு வந்து நின்றார். பஸ் வந்தது. கொண்டக்டர் இறங்கி, வாழையிலையில் கட்டி பேப்பரால் சுற்றிய மூன்று பார்சலை அவர் கையில் கொடுத்தார். முந்தின தரிப்பில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி வந்தால் மறுக்காமல் வாங்கி மடியில் வையுங்கள். யாழ்ப்பாணப் பக்கம் போகிறவர் என்றால் முறிகண்டிப் பிள்ளையாரடியில் பஸ் நிற்கும். இறங்கிக் கும்பிட்டு, கச்சான் ஒரு சுருள் வாங்கிக்கொண்டு ஏறிப் பார்சலைப் பிரியுங்கள். சூடு இன்னும் இருக்கும். பக்கத்து சீற்றில் இருக்கிறவருக்கு முதலில் நீட்டுங்கள்.